செம்பருத்தி அணியும் ஒரு தூக்குப்போசியும்

மாணவியர் விடுதி, கிணத்துக்கடவு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ரித்திகா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை விடுதி போனில் கிடைப்பது மூன்று நிமிடம். அதில் இரண்டரை நிமிடம் "சாப்டியா கண்ணு, என்ன சாப்ட்ட, ஏன் அதைச் சாப்ட்ட" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

பெரிய செய்தி. எங்கள் பள்ளிச் சாரணியர் படையில் என்னைச் செம்பருத்தி அணிக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். அணியில் எட்டுப் பேர். அக்டோபரில் ஐந்து அணிகளுக்கும் சேர்த்து ஒரு படைத்தலைவியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் நிற்க வேண்டுமென்றால் முடிச்சு, முதலுதவி, சமையல் என்று மூன்று பேட்ஜும் சட்டைக் கையில் இருக்க வேண்டும். இது எங்கள் கேப்டன் ஹரிதா மிஸ் போட்ட விதி.

அப்பா, எனக்குப் படைத்தலைவி ஆக வேண்டும். ரொம்ப வேண்டும். மல்லிகை அணித் தலைவி அக்ஷிதாவுக்கும் வேண்டும். அவளிடம் இப்போதே இரண்டு பேட்ஜ் இருக்கிறது. நடக்கும்போது அந்தக் கையை மட்டும் கொஞ்சம் முன்னால் வீசுகிறாள்.

முடிச்சுப் பழக ஒரே ஒரு கயிறு அனுப்புங்கள். மூன்று மீட்டர். சுண்டுவிரல் பருமன். வேறு ஒன்றும் வேண்டாம். உங்களைத் தெரிந்துதான் 'ஒரே ஒரு' என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

உங்கள் மகள்,
ரித்திகா


பெரியநாயக்கன்பாளையம்
7 ஆகஸ்ட் 2025

பொருள்: கயிறு அனுப்புவது தொடர்பாக.

அன்பு மகளுக்கு,

தங்களது மூன்றாம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றோம். நீ தலைவி ஆனதைக் கேட்டு நம் பம்ப் பட்டறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். லேத்தில் நிற்கும் பாலகோபால், "ஏனுங்க, அம்மணி எந்தக் கட்சியில தலைவிங்க?" என்று கேட்டான். விளக்கிச் சொன்னேன். மைசூர்பாகு தின்கிற மும்முரத்தில் அவன் கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை.

கயிறு மூன்று மீட்டர் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷமாக ஒரே கடையில் சாமான் வாங்குகிறவன் நான். அங்கே போய் மூன்று மீட்டர் கயிறு என்று வாயைத் திறந்து எப்படிக் கேட்பது? தொழில் படுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறக்குகிற நைலான் கயிறு, முதல் தரம், நாற்பது மீட்டர் பார்சலில் அனுப்பியுள்ளேன். ஒரு டன் தாங்கும். கூடவே ஒரு கப்பியும் வைத்திருக்கிறேன். முடிச்சுக்குக் கப்பி எதற்கு என்று கேட்காதே. இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அந்த அக்ஷிதாவின் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று விசாரித்து எழுதவும்.

இப்படிக்கு,
கு. பாலுசாமி
உரிமையாளர் (முத்திரை)


கிணத்துக்கடவு
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளுக்கு எழுதுகிற கடிதத்தில் 'உரிமையாளர்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற அப்பா இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான்.

கயிறு வந்தது. வாட்ச்மேன் ஐயாசாமி அண்ணன் அதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மொத்த விடுதியும் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தது. "ஏன்டி, அவிநாசித் தேரை இங்க இழுத்துட்டு வரப் போறீங்களா?" என்று அக்ஷிதா கேட்டாள். அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டால் இளநீர் அளவுக்கு நிற்கிறது. மூன்று பேர் மேலே உட்கார்ந்தால்தான் இறுகுகிறது. கடைசியில் நான்கு ஷூ லேஸை ஒன்றாகக் கட்டிப் பழகி முடிச்சு பேட்ஜ் வாங்கிவிட்டேன். முதலுதவியும் போன வாரம் முடிந்தது. உங்கள் கயிற்றை ஹரிதா மிஸ் இழுபோட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

பாக்கி இருப்பது சமையல். செப்டம்பர் 14, ஞாயிறு. பள்ளித் தென்னந்தோப்பில் கல் கூட்டி, விறகடுப்பில், இரண்டு மணி நேரத்துக்குள் எட்டுப் பேருக்கு ஆக்க வேண்டும். வெளியாள் ஒருவர் கைகூடப் படக்கூடாது. பட்டால் பேட்ஜ் கிடையாது. தேர்வாளர் அவிநாசியிலிருந்து வருகிற வெங்கடம்மாள் மேடம். போன வருஷம் ஆறு பேரில் நான்கு பேரை ஃபெயில் ஆக்கியவர். நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்யப் போகிறேன்.

அப்பா, அன்றைக்கு நீங்கள் வரக்கூடாது. 'சும்மா பொள்ளாச்சி வரைக்கும் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்' என்பதும் கூடாது. வரமாட்டேன் என்று எழுத்தில் வேண்டும்.

ரித்திகா

பி.கு.: அக்ஷிதாவின் அப்பா தபால்காரர். இந்தக் கடிதங்களைத் தூக்கிச் சுமக்கிறவர்களில் ஒருவர். அவரிடம் மரியாதையாக இருங்கள்.


பெரியநாயக்கன்பாளையம்
30 ஆகஸ்ட் 2025

பொருள்: வராமல் இருப்பது தொடர்பாக.

அன்பு மகளுக்கு,

செப்டம்பர் பதினான்காம் தேதி என் கால் அந்தத் தோப்புக்குள் படாது. இது வாக்கு. பாலுசாமி சொன்ன தேதிக்குப் பம்ப் கொடுக்காமல் இருந்தான் என்று எவனும் சொன்னது கிடையாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவிநாசியிலிருந்து ஒரு அம்மா ரெண்டு பஸ் மாறி வருகிறார்கள். அவர்களை உட்கார வைத்து அரைவேக்காட்டுச் சோற்றைப் போட்டு அனுப்பினால், நாளைக்கு நான் எந்த முகத்தோடு அவிநாசிப் பக்கம் போவேன்? நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இலையை மறைத்துக் கை நீட்டினால் கைமேலேயே ரெண்டு கரண்டி போடுகிற ஆட்கள் நாம். தேர்வு உன்னுடையது, சரி. விருந்தாளி யாருடையது?

உன் அம்மா ஒரு வரி எழுதச் சொன்னாள்: பருப்பை முன்னாடியே அரை மணி நேரம் ஊற வைக்கவும். இதைச் சொன்னது குற்றமானால் அடித்துவிடவும்.

இப்படிக்கு,
கு. பாலுசாமி
(முத்திரை, கோபித்துக்கொள்ளாதே, கை பழக்கம்)


கிணத்துக்கடவு
15 செப்டம்பர் 2025

அப்பா,

'அன்புள்ள' போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை.

நீங்கள் வரவில்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள். அம்மாவை அனுப்பிவிட்டீர்கள்!

நடந்ததைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அம்மா சொன்ன வரியை நான் அன்றைக்கே அடித்துவிட்டேன், வெளியாள் உதவி என்பதால். பருப்பை ஊற வைக்கவில்லை. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. கடைசியில் இறக்கி ருசி பார்த்தால் பருப்பு சரளைக்கல் மாதிரி இருந்தது, அடியும் பிடித்திருந்தது. நல்ல பாகத்தை மட்டும் எடுத்து, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குப்போசியில் மாற்றி, வேலியோரப் பலகைமேல் வைத்து மூடினேன்.

நிமிர்ந்தால் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா. கையில் அதே மாதிரி இன்னொரு தூக்குப்போசி. மாமா சீராகக் கொடுத்த ஜோடி அல்லவா, இரண்டிலும் உங்கள் பெயர்தான் வெட்டியிருக்கும். "சுடச்சுட இருக்குது கண்ணு, சட்டுனு மாத்திப்போடு, ஆருக்குத் தெரியப் போவுது" என்றாள். நான் போகச் சொல்லிக் கையைக் காட்டுவதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். கொடிவணக்கம். வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்து நிமிடம் திரும்பாமல் நின்றேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம்.

திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. பலகைமேல் ஒரு தூக்குப்போசி இருந்தது.

வெங்கடம்மாள் மேடம் ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க அம்மணி, இன்னொரு கரண்டி போடுங்க" என்றார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் அப்பா! நான் ஆக்கியதை நாய்கூட இரண்டாவது முறை கேட்காது. பரிமாறி முடிப்பதற்குள் என் அணி மிச்சத்தைக் காலி செய்துவிட்டது. எல்லோரும் "சூப்பர் அக்கா" என்றார்கள். நான் ஒரு பருக்கைகூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

பாஸ். பேட்ஜ் என் பெட்டியில் கிடக்கிறது. தைக்கவில்லை. அது அம்மாவுடைய பேட்ஜ்.

ரித்திகா


பெரியநாயக்கன்பாளையம்
19 செப்டம்பர் 2025

பொருள்: தங்கள் 15ஆம் தேதிப் புகார்.

அன்பு மகளுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மா படிக்கவில்லை. அவளுக்குத் தலைவலி.

முதலாவது, அம்மாவை நான் அனுப்பவில்லை. அவளாகக் கிளம்பினாள். கிளம்பியவளைத் தடுத்தேனா என்று கேட்டால், அது வேறு கேள்வி. இரண்டாவது, தூக்குப்போசி சம்பந்தமாக எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதுவது சரியாக வருமா என்று யோசனையாக இருக்கிறது.

நீ ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். தேர்வாளரே நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு நாம் ஏன் தோண்ட வேண்டும்? பேட்ஜைத் தை. அது உன்னுடையதுதான். எப்படித் தெரியும் என்று கேட்காதே. அப்பா சொன்னால் நம்பக் கூடாதா?

பட்டறையில் வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம். வார்டன் பக்கத்தில் இருப்பார்.

இப்படிக்கு,
கு. பாலுசாமி


கிணத்துக்கடவு
24 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம் ஆறிவிட்டது. இப்போது வெறும் வருத்தம்தான்.

எங்கள் சாரணியர் விதிகளில் முதல் விதியே நம்பிக்கைக்கு உரியவளாக இருப்பது. அதைத் தினமும் கையை உயர்த்திச் சொல்கிறேன். ஒரு வாரமாக அந்த வரி வந்தால் வாயை மட்டும் அசைக்கிறேன். செம்பருத்தியில் கடைக்குட்டி ஒருத்தி இருக்கிறாள், ஆறாம் வகுப்பு. நேற்று என்னிடம் வந்து, "அக்கா, உங்களை மாதிரியே நானும் சமையல் பேட்ஜ் வாங்குவேனுங்க" என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

ஹரிதா மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்ஜை மேஜைமேல் வைத்தேன். அணித்தலைவி பதவி வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மிஸ் திட்டவில்லை. மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். அக்டோபர் நான்காம் தேதி ஓட்டு. எனக்குச் சம்பந்தமில்லை இனி.

அம்மாவைத் திட்டாதீர்கள். அவள் அன்பில்தான் செய்தாள். ஆனால் அப்பா, நான் கெட்ட சோறாக ஆக்கி ஃபெயில் ஆகியிருந்தால்கூட அது என்னுடையதாக இருந்திருக்கும்.

ரித்திகா


பெரியநாயக்கன்பாளையம்
27 செப்டம்பர் 2025

கண்ணு,

இதைத் தபாலில் போடாமல் பாலகோபாலிடம் பைக்கில் கொடுத்து அனுப்புகிறேன். பொருளும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை.

அன்றைக்கு நானும் வந்திருந்தேன்.

தோப்புக்குள் கால் படாது என்றுதான் சொன்னேன். படவில்லை. வேலிக்கு வெளியே ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றேன். ஆம்னி வேனை ரோட்டில் நிறுத்தியிருந்தோம். இதை ஒரு வக்கீல் ஒப்புக்கொள்வான். நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று தெரிந்துதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. வாக்குத் தவறியவன் என்ற பேரைப் பெற்ற மகளிடம் வாங்க வேண்டாம் என்று பார்த்தேன். அதற்காக நீ தலைவிப் பட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கொடிவணக்கம் நடக்கும்போது உன் அம்மா வேலிக்குள் கையை விட்டு மாற்றினாள். அது நிஜம். உன் போசியை என்னிடம் கொடுத்து, "வண்டிக்குப் போங்க" என்றாள். நான் மூடியைத் திறந்து ஒரு வாய் எடுத்துத் தின்றேன். தின்றுகொண்டே நிமிர்ந்தேன். நீ நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தாய். கழுத்து வரை கரி. பின்னல் பாதி அவிழ்ந்து கிடந்தது. புகை எரிச்சலில் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடியும் சல்யூட் வைத்தாய்.

என்னால் அந்தப் போசியை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை கண்ணு. நான் வேலிக்குள் கையை விட்டு அம்மாவுடையதை எடுத்துவிட்டு உன்னுடையதைத் திரும்ப வைத்தேன். "ஏனுங்க, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? புள்ளை ஃபெயிலாகிப் போடுவா!" என்று உன் அம்மா என் தோளில் அடித்தாள். ஆனாலும் போகட்டும், அவளுடையது அவளுக்கே இருக்கட்டும் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பொள்ளாச்சி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, எட்டுப் பேர் சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் தின்றோம்.

ஆக, வெங்கடம்மாள் மேடம் தின்றது நீ ஆக்கிய சோறுதான். அவர் ஏன் இரண்டாவது முறை கேட்டார் என்பது எனக்கும் விளங்கவில்லை.

வெளியாள் கை பட்டது என்பதால் பேட்ஜ் போகுமென்றால், கை பட்டது போசிமேல்தான், சோற்றில் இல்லை என்று மிஸ்ஸிடம் சொல். ஒரு வாய் தின்றது மட்டும் தப்பு. அதற்கு நான் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்பா


கிணத்துக்கடவு
5 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பாலகோபால் அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, முதலாளி மூணு நாளா யாரையும் திட்டலீங்க, பயமா இருக்குதுங்க" என்றார்.

கடிதத்தை மிஸ்ஸிடம் காட்டினேன். படிக்கும்போது இரண்டு இடத்தில் சிரித்தார்கள், ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்கள். உடனே போனை ஸ்பீக்கரில் போட்டு மேடத்தைக் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து யாரோ சமைத்து மாற்றி வைத்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருப்பதாக மிஸ் சொன்னதுதான் தாமதம், மேடம் சொன்னார்: "ஏனுங்க ஹரிதா, அந்தச் சோத்தை எந்த அம்மாளாவது ஆக்கியிருப்பாங்களா? என்ற கடவாப்பல்லு ஒண்ணு இன்னும் ஆடிட்டுக் கெடக்குதுங்க."

பிறகு ஏன் இரண்டாவது கரண்டி கேட்டீர்கள் என்றார்கள் மிஸ். "புள்ளை கண்ணு செவந்து எதிர்ல நிக்கறா. நல்லா இல்லீன்னு எப்படீங்க சொல்றது? ஒரு கரண்டியோட நிறுத்துனா கண்டுபுடிச்சுப் போடுவாளேன்னு ரெண்டாவது வாங்குனேன்." அடுப்பு கூட்டியது, சுத்தம், நேரம், பரிமாறியது எல்லாவற்றுக்கும் நிறைய மார்க் போட்டிருக்கிறார். ருசிக்குப் பத்துக்கு இரண்டு. என் அணியும் அப்படித்தான் "சூப்பர்" சொல்லியிருக்கிறது. கடைக்குட்டி மட்டும் பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாளாம்.

பேட்ஜ் என்னுடையது அப்பா! முழுசாக என்னுடையது!

அணியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். நேற்று ஓட்டும் நடந்தது. அக்ஷிதா இருபத்தொன்று, நான் பதினெட்டு. போர்வைக்குள் நன்றாக அழுதேன். அவள் வந்து போர்வையை விலக்கி, "படைத் துணைத்தலைவி நீதான். நானே கேட்டு வாங்கிட்டேன். சமையலைத் தவிர எல்லாம் உன் பொறுப்பு" என்றாள். சிரித்துவிட்டேன். கயிற்றைத் தூக்கக் கூடமாட இருக்கிற ஆளாகத்தான் தெரிகிறாள்.

உங்கள் மேல் ஒரே ஒரு குறை. பதிமூன்று நாள் சொல்லாமல் இருந்தீர்களே, அது இல்லை. ஒரு வாய் தின்றேன் என்று எழுதினீர்கள். எப்படி இருந்தது என்று எழுதவே இல்லை. இந்த ஊரில் எல்லோரும் நல்லா இருக்குது என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு ஒருத்தராவது நிஜத்தைச் சொல்ல வேண்டும்.

12ஆம் தேதி பெற்றோர் வருகிற ஞாயிறு. மிஸ்ஸிடம் அனுமதி வாங்கிவிட்டேன். திரும்பவும் விறகடுப்பு, அதே அரிசிம்பருப்பு. வேலிப் பக்கம் வேண்டாம், வாசல் வழியாக வாருங்கள். அம்மா கையை வீசிக்கொண்டு வரட்டும். வரும்போது ஊசியும் காக்கி நூலும் கொண்டுவாருங்கள். பேட்ஜை நீங்கள்தான் தைக்க வேண்டும்.

ரித்திகா


பெரியநாயக்கன்பாளையம்
13 அக்டோபர் 2025

பொருள்: நேற்றைய சாப்பாடு, உண்மை நிலவரம்.

அன்பு மகளுக்கு,

நேரில் கேட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் நல்லா இருக்குது என்றுதான் வாயில் வந்தது. இந்த ஊரில் பிறந்த நாக்கு வேறு எப்படிப் புரளும்? அதனால் எழுத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பருப்பு வேகவில்லை. உப்பு ஜாஸ்தி. அடி பிடித்ததை மறைக்க நெய் ஊற்றியிருந்தாய், அது தெரிந்தது. போன தடவைக்கு இது மேல். போன தடவை முழுங்கவே முடியவில்லை.

உன் அம்மா, "நல்லாத்தான் கண்ணு இருக்குது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாளே, அது உப்பால் இல்லை. நான் மூன்று முறை வாங்கித் தின்றது மரியாதைக்கு இல்லை. மகள் கையால் ஆக்கிப் போட்டு உட்கார்ந்து தின்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

பேட்ஜ் கோணலாக இருக்கிறது. லேத்தில் மயிரிழை பிசகாத கைக்கு நேற்று ஊசி பிடிபடவில்லை. யாராவது கேட்டால் அப்பா தைத்தது என்று சொல்.

மிச்சத்தைத் தூக்குப்போசியில் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பாலகோபால் ஒரு வாய் வாங்கித் தின்றுவிட்டு, "அருமையா இருக்குதுங்க" என்றான். அவனை நம்பாதே.

அடுத்த தடவை பருப்பை அரை மணி நேரம் ஊற வை. இதைச் சொன்னது குற்றமானால் அடித்துவிடவும்.

இப்படிக்கு,
கு. பாலுசாமி
துணைத்தலைவியின் அப்பா
(முத்திரை)